யோகேஸ்வரன் காட்டிய கூடார இடம்

யோகேஸ்வரன் கவ்வாத்துக்காரன். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. சனி ஞாயிறுகளில், மலையேற வருகிறவர்களுக்குக் கூடாரம் போட இடம் பார்த்துக் கொடுப்பான். உடப்புசல்லாவைப் பக்கம் இதற்கு அவனை விட்டால் ஆள் இல்லையாம். நோர்வூட் தோட்டத்தில் நாங்கள் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு. அவன் அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டுக் கவ்வாத்துக் கத்தியை எடுத்தான்; கலியாணம் கட்டி இங்கே வந்துவிட்டான். நான் கொழும்பில் ஆங்கிலத்தில் படித்து, இப்போது மெல்பனில் இருக்கிறேன். அவன் மேல் பொறாமைப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பட்டேன்.

என் மனைவி நிலக்ஷி ஹட்டன் கடைவீதியில் பிறந்தவள். துணிக்கடை வீட்டுப் பெண். தோட்டத்துக்குள் கால் வைத்தவளில்லை. மெல்பன் போன பிறகுதான் மலை நடைப் பைத்தியம் பிடித்தது. அங்கே எப்போதும் அவள்தான் வழி பார்ப்பாள். நான் பின்னால் போவேன். நம் மண்ணில் ஒரு மலைக்காவது நான் முன்னால் நடந்து அவளைக் கூட்டிப்போக வேண்டும். அதற்காகவே மூன்று மாதம் செயற்கைக்கோள் படங்களைக் குடைந்து, ஓடையோரம் ஒரு சமதரையைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்து உச்சிவரை தேயிலை நடுவே ஒரு பாதை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

விடுமுறைக்கு இருவரும் உடப்புசல்லாவை வந்ததும் நான் காட்டிய படத்தைப் பார்த்து யோகேஸ்வரன் சிரித்தான்.

“இது பதினோராம் நம்பர் மலைடா. நாங்க கவ்வாத்து வெட்டுனப்ப எடுத்த படம். வெட்டுன மலையில எல்லாப் பாதையும் பளிச்சுனு தெரியும். இப்ப மூணு வருசமாச்சு. ரெண்டு பக்கச் செடியும் கைகோத்துருச்சு. இடுப்பளவு நீந்தணும். அட்டை வேற.”

“அப்ப எங்கண்ணே போடலாம்?” என்று நிலக்ஷி கேட்டாள். அவனிடம்தான்.

“ஏழாம் நம்பர் ஓரமா, தங்கச்சி. போன மாசந்தான் வெட்டுனோம். தண்ணியும் கிட்ட, பாதையும் தொறந்து கெடக்கு. வெட்டுற மலை மாற மாற நம்ம எடமும் மாறும்.”

அந்தத் ‘தங்கச்சி’ எனக்கு எரிந்தது.

“நான் மலையில பொறந்தவன். எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“நீங்க பொறந்தது நோர்வூட்டுலங்க. இது வேற மலை,” என்றாள் அவள்.

விடுவேனா? நான் பார்த்த இடத்திலேயே கூடாரம் போட்டேன். மறுநாள் காலை முன்னால் நடந்தேன். இருபது நிமிடத்தில் பாதை செடிக்குள் மறைந்தது. கிளைகள் இடுப்பைப் பிடித்து இழுத்தன; கணுக்காலில் அட்டை. திரும்பிப் பார்த்தால் வந்த வழியும் தெரியவில்லை. நிலக்ஷி என்னைத் திட்டவில்லை. யோகேஸ்வரனுக்குப் போன் எடுத்தாள். திட்டியிருக்கலாம்.

அரை மணி நேரத்தில் கத்தியால் கிளைகளை ஒதுக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“என்ன மெல்பன் தொரை, தேயிலைக்கு விசா காட்டலியா?”

நிலக்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணத் தொடங்கி, பயந்து நிறுத்தினேன்.

கூடாரத்தைப் பிரித்து ஏழாம் நம்பருக்குப் போனோம். அங்கே முதலில் அவனே தரையில் மல்லாந்து படுத்தான். “தல கீழ சரியுது,” என்று எழுந்து, இரண்டடி தள்ளிப் படுத்துப் பார்த்து, “இங்க போடு,” என்றான். மூன்று மாதத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

சாயங்காலம் உச்சிக்கு ஏறினோம். வெட்டிய செடிகளுக்கு நடுவே பாதை உள்ளங்கை ரேகைபோல் கிடந்தது. அவன் முன்னால், அவள் நடுவில், நான் கடைசியில். மேலே போனதும் நிலக்ஷி படம் எடுக்க விளிம்புப் பக்கம் போனாள். நான் அவன் அருகே சென்று குரலைத் தாழ்த்தினேன்.

“அடுத்த வருசம் எந்த மலைடா வெட்டுவீங்க?”

“மூணாம் நம்பர். ஏன்?”

“அவகிட்ட சொல்லாத.”

அவன் சிரித்த சிரிப்பில் நிலக்ஷி திரும்பிப் பார்த்தாள்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரரு அடுத்த வருசத்துக்கு நல்ல எடமாப் பாத்துட்டாரு. என்கிட்டயே சொல்ல மாட்டேங்குறாரு!”