கோழியின் சிறகில் ஒட்டிய விதை

கண்டி மஹய்யாவையில் மேபலைத் தெரியாதவர்கள் குறைவு. பல்லேகலையில் ஒரு கார்மன்ட் ஃபேக்டரியில் பதினேழு வருடம் தையல் மெஷினில் இருந்தவள். கம்பனியின் ஸ்டாஃப் பஸ்ஸைத் தானே ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. லைசன்ஸ் எடுக்க இரண்டு முறை ட்ரயலுக்கு, பஸ்ஸை ஓட்டிக் காட்டும் பரிசோதனைக்கு, போனாள். இரண்டு முறையும் ஏற்றத்தில் பஸ் பின்னால் உருண்டது. "நான் அப்பவே சொன்னேனே" என்று பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மாதா கோயில் நூலகத்தை ஒழுங்குபடுத்தக் கணவன் கிளைவோடு போனாள். அங்கே, மூன்றாம் வகுப்பில் மனப்பாடமாய்ப் படித்த படக்கதை ஒன்று அகப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் பார்க்கப் புறப்பட்ட கோழியின் கதை. கடைசியில் அது மழையில் தொப்பலாக நனைந்து திரும்பும். மற்றக் கோழிகள் சிரிக்கும். பேசாமல் கூட்டிலேயே இருந்திருக்கலாம் என்பதுதான் டீச்சர் சொன்ன பாடம்.

நின்றபடியே வாசித்த மேபல், கடைசிப் படத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். நனைந்த சிறகில் சிவப்பாக ஒரு விதை. அவசரமாக முதல் பக்கத்துக்குப் போனாள். சிவப்பு விதை மரம் மலைக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று காகம் சொல்லியிருந்தது.

"என்னங்க, இங்க வாங்க! இது தோத்துட்டு வரலங்க. அந்தப் பக்கம் போயிட்டுத்தான் வந்திருக்கு!"

கிளைவ் படத்தை உற்றுப் பார்த்தான். "அட, ஆமா. நானும் சின்னதுல படிச்சேன், இத கவனிக்கவே இல்ல."

"சிரிச்சதுங்க ஒண்ணும் கூட்ட விட்டு எறங்கல." புத்தகத்தை மூடினாள். "திரும்ப ட்ரயலுக்குப் போடட்டா?"

"என்கிட்ட என்ன கேள்வி? நாளைக்கே போடு."

இரண்டு மாதம், விடுமுறை நாளெல்லாம் பயிற்சிப் பள்ளியின் பழைய பஸ்ஸோடு ஏற்றத்தில் மல்லுக்கட்டினாள். கால் வீங்கியது. ட்ரயல் நாளில் பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள். எடுத்தபோது பஸ் ஒரு அங்குலமும் பின்னால் போகவில்லை.

"இது எத்தனாவது தடவை?" என்று கேட்டார் பரிசோதகர்.

"மூணாவதுங்க சார்." தலை குனியாமலே சொன்னாள்.

ஸ்டாஃப் பஸ் அவள் கைக்கு வந்த முதல் நாள், மாலை ஷிப்ட் விட்டு நாற்பது பேரோடு ஹேவாஹெட்டை ரோட்டில் ஏறினாள். அவளோடு ஒரே வரிசையில் தைத்த பாலாம்பிகை முன் சீட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

"மேபல், மெதுவா போ புள்ள!"

"நீ கம்பிய விடுடி. நான் பாத்துக்கிறேன்."

செங்குத்தான வளைவில் கியரை மாற்றினாள். பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. பின்னாலிருந்து பெண்கள் கைதட்டிக் கூவினார்கள். மேபல் ஹோர்னை நீளமாக அடித்தாள்.