ஆணியில் மாட்டிய சாவி

காலை 8.10. இரவைப் பங்காருப்பேட்டை நடைமேடையில் கழித்துவிட்டு, பத்து ரூபாய்ச் சீட்டில் மாரிகுப்பம் வண்டி ஏறினேன். கடைசி நிலையத்தில், பழைய சுரங்கப் பாதைக்குப் போக ஆட்டோக்காரர் எண்பது கேட்டார்.

"டன்னலா? அத்த இன்னிக்கு மூடறாங்க சார். சுருக்கா ஏறுங்க."

9.30. ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பைத் தாண்டி ஒரு பாறைமேடு. தங்கக் கல் ஏற்றிய தள்ளுவண்டிகளுக்காக விக்டோரியா ராணி காலத்தில் குடைந்த தண்டவாளப் பாதை. வாயில் வளைவில் ஒரு கருங்கல்கூடப் பிசகவில்லை. அதன் முன்னால் சிமெண்ட் மூட்டைகள், ஹாலோ பிளாக்குகள். ஆடுமாடு உள்ளே போகிறதாம், அதனால் சுவர். ஒரு கம்பிக் கதவு போதாதா என்று கொத்தனார் முனியப்பாவிடம் சண்டை பிடித்தேன்.

"என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? நான் கட்றவன்."

பக்கத்தில் நின்றிருந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஆரோக்கியம் உள்ளே அழைத்துப்போகச் சம்மதித்தார். ஆனால் வாயில் ஓரத்து ஆணி ஒன்றைக் காட்டி மறித்தார். அவர் வேலை செய்த செங்குத்துச் சுரங்க ஷாஃப்டில், இறங்குபவர் தன் எண் வில்லையை ஆணியில் மாட்டுவார், ஏறியதும் எடுத்துக்கொள்வார். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார்.

"எதனா மாட்டுங்க சார்."

எரிச்சலோடு என் பையின் பூட்டுச் சாவியை மாட்டினேன். கணுக்கால் தண்ணீரில் நூறடி நடந்தோம். சுவரெங்கும் கை உளி கொத்திய தழும்புகள். அப்பால் இடிந்து கிடந்தது. வெளியே வந்ததும் வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன்.

12.20. நிலையத்தில் பையைத் திறக்கப் போனால் சாவி இல்லை. வண்டி போய்விட்டது. மறுபடி எண்பது ரூபாய்.

1.00. சுவர் முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது.

"வந்துட்டியா மகராசா!" முனியப்பா கரண்டியை வீசினார். "ரெண்டு சட்டி கலவ கல்லாப் போச்சு. பெரியவரு கட்ட வுடலயே!"

ஆரோக்கியம் வாயிலை மறித்து உட்கார்ந்திருந்தார்.

"நான் வெளியே வந்ததை நீங்கதானே பார்த்தீங்க?" என்று கத்தினேன்.

"பாத்தேன். எங்கண்ணன் மேல ஏறி வந்துட்டத பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான். அவன் வில்ல ஆணில தொங்கினு இருந்துது. அத யாரும் பாக்கல. வெடி வெச்சிட்டாங்க."

சாவியை எடுத்தேன். அவர் காலியான ஆணியைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார். "இப்போ கட்டு."

அடுத்த வண்டிவரை எனக்கு வேலையில்லை. கலவை வீணானதும் என்னால்தான். காலையில் சுவரே கூடாது என்றவன், பிளாக்குகளைத் தூக்கிக் கொடுத்தேன்.

கடைசி பிளாக்குக்கு முன் ஆரோக்கியம் ஓட்டை வழியாக டார்ச் அடித்தார்.

"உள்ள யாருனா கீறீங்களா?"

முனியப்பா கலவைக் கரண்டியோடு காத்திருந்தார்.