புதுச்சத்திரம் தாண்டாத நரி

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளை அக்கா மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதையும் மீறி இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை கிடைத்ததும் அங்கேயே குடிவந்தார். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா தவறிவிட்டார்கள். சோறு வடிப்பது, அக்காவுக்குச் சடை பின்னுவது, என்னைத் தூங்க வைப்பது எல்லாம் அப்பாதான். சடை கோணலாகத்தான் இருக்கும். கதையும் ஒன்றுதான் தெரியும். எங்கள் ஊர் நரி, சிதம்பரத்தில் தேர் பார்க்க பஸ் ஏறிப் போகும் கதை. நான் “ம்” கொட்டினால்தான் பஸ் நகரும்.

“கண்டக்டரு ஒண்ணும் சொல்லலியாப்பா?”

“சொல்லாம இருப்பாரா? நரிக்கு அரை டிக்கெட்டு, வாலுக்கு லக்கேஜுன்னுட்டாரு.”

“ம்.”

“ஆலப்பாக்கம் போச்சா... புதுச்சத்திரம் வந்துச்சா...”

அவ்வளவுதான். காலை ஷிப்டு பார்த்த உடம்பு. புதுச்சத்திரத்தில் குறட்டை வந்துவிடும்.

“யப்பா, தேரு கெளம்பிடும். பஸ்ச எடுக்கச் சொல்லுப்பா!” என்று உலுக்குவேன்.

“நீ சத்தமா ம் கொட்டல, அதான் தூங்கிட்டாரு” என்று அக்கா என்னைத்தான் திட்டுவாள்.

மறுநாள் நரி மறுபடியும் செம்மங்குப்பத்தில் ஏறும். நேற்றுப் போன பஸ் என்ன ஆனது என்று கேட்டால், “பஞ்சரு” என்பார். நான் வளர்ந்து ஆளாகும் வரை அந்த நரி தேரைப் பார்க்கவே இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

போன வருஷம் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பக்கத்து வீட்டு மாமா தன் வேனில் சிதம்பரம் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் மடியில் கண்மூடிக் கிடந்த அப்பா, வழியில் தலையைத் தூக்கி வெளியே பார்த்தார்.

“டேய், நரி புதுச்சத்திரம் தாண்டிடுச்சுடா.”

மாமாவுக்குக் கதை தெரியாது. “மாப்ள, ஒளற ஆரம்பிச்சிட்டாரு” என்று வண்டியை இன்னும் விரட்டினார்.

வார்டில் அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. “மிச்சத்த நீ சொல்லு, நான் ம் கொட்டறன்” என்றார்.

“ஆளுங்க இருக்காங்கப்பா.”

“அவுங்களும் கொட்டட்டும்.”

சொன்னேன். நரி பஸ்ஸை விட்டு இறங்கி, வாலை உதறிக்கொண்டு கீழவீதிக்கு நடந்தது. “ம்.” கூட்டத்தில் ஆளாளுக்கு வாலை மிதித்தார்கள். “ம்.” தேர் தெருமுனை திரும்புவதற்குள் குறட்டை வந்துவிட்டது. நான் நிறுத்திக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த ஒரு அம்மா விடவில்லை.

“அவரு தூங்கட்டும். நரி தேர பாத்துச்சா இல்லியாப்பா?”

“நாளைக்குச் சொல்றம்மா” என்றேன்.

விடிவதற்குள் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

வேன் ஓட்டிய மாமாவுக்கும், பார்த்துக்கொண்ட டாக்டர், நர்சுகளுக்கும், காரியத்தில் கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. பக்கத்துக் கட்டிலில் கதை கேட்ட அந்த அம்மாவின் ஊர் பேர் தெரியாது. அப்பாவின் இந்த நினைவு மலர் அவர் கையில் கிடைத்தால் இதைத் தெரிந்துகொள்ளட்டும். இன்று நானும் அக்காவும் பஸ் ஏறி சிதம்பரம் போனோம். புதுச்சத்திரத்தில் இரண்டு பேரும் சத்தமாக “ம்” கொட்டினோம். கண்டக்டர் முறைத்தார். நரி தேரைப் பார்த்துவிட்டதம்மா.

எழுதியது: ஆனித் தேர் அன்று, சாயங்காலம்.