சேகர் காய்ச்சிய டைட்டானியம்

இன்று காலை சிங்கப்பெருமாள் கோயில் பஸ் ஸ்டாப்பில், என்னோடு டிப்ளமோ படித்த சேகர் ஒரு கறுப்புக் கட்டியை என் கையில் வைத்தான்.

"டைட்டானியம் மச்சான். சதுரங்கப்பட்டினம் பீச்சுல கருமணல் அள்ளினு வந்து, அலுமினியப் பொடி கலந்து மொட்டமாடில கொளுத்துனேன்."

அவன் புருவத்தில் பாதியைக் காணோம். கொளுத்தியதை மட்டும் நம்பினேன்.

அந்த மணலில் டைட்டானியத்தோடு இரும்பும் உண்டு. கொளுத்தினால் முதலில் பிரிவது அதுதான்.

செல்போன் கவரின் காந்தத்தைக் காட்டினேன். பச்சக்கென்று ஒட்டியது. டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது.

"இரும்புடா இது."

"உன் காந்தம் டூப்ளிகேட்டு. நான் கம்பெனில வேலைய வுடறேன்னு பேப்பர் போட்டுட்டேன், நீ இன்னா பேசினுகீற?"

அடுத்த மூட்டை மணலுக்கு பஸ் ஏறிவிட்டான்.

நாளைக்கு அவன் அந்த ராஜினாமாப் பேப்பரைத் திரும்பக் கேட்டால், கம்பெனி ஹெச்.ஆர். காரணம் கேட்பார். என்ன சொல்லலாம், நீங்களே சொல்லுங்கள்.