ஏழாங்கட்டையில் எத்தனை கிராணி?

"அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீரம்மா கம்பியை மண்ணில் இறக்குவார். பழைய குடையிலிருந்து உருவிய கம்பி. நுனியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கூராக்கி வைத்திருக்கிறார். கெட்டி மண்ணில் அது அரைச் சாணுக்கு மேல் போகாது. ஒரு காலத்தில் ஆழமாகத் தோண்டி மூடிய இடமென்றால் சொன்ன பேச்சு கேட்டு உள்ளே இறங்கும். இறங்கியதும் செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, "சரி சரி, படுங்க" என்பார்.

கோலா கங்சார் போகும் சாலையில் இருக்கும் ஏழாங்கட்டைத் தோட்டம் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து இருபது வருஷமாகிறது. வீரம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வாரத்தில் ஐந்து நாள் ஈப்போவில் ஒரு டோபிக் கடையில் துணி மடிக்கிறார். சனிக்கிழமையானால் கப்சாய் மோட்டார் சைக்கிளில் இங்கே வந்து, கேட்டு வருபவர்களுக்கு அவர்களுடைய முன்னோரின் சமாதியைத் தேடிக் கொடுக்கிறார். அதற்கு அவருக்கு என்ன தகுதி என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"இருபது வருஷம் முதுகுல தொட்டிய மாட்டிக்கிட்டு இங்கதான் புல்லுக்கு மருந்தடிச்சேன். எல்லா மேட்டுலயும் ஒரு தடவ தடுக்கி விழுந்துருக்கேன் லா. விழுந்த எடம் மறக்குமா?"

வருகிறவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர்க்காரர்கள். வெள்ளைக் காலணி போட்டு வருவார்கள். அட்டைக்குப் பயந்து காரைவிட்டு இறங்க யோசிப்பார்கள். எல்லோருடைய கொள்ளுத்தாத்தாவும் இந்தத் தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். ஆபீசில் உட்கார்ந்து பேரேடு எழுதியவர். துரையோடு சமமாக நின்று பேசியவர். சென்ற ஆண்டில் மட்டும் பதினோரு பெரிய கிராணிகளைத் தேடி ஆள் வந்தார்கள். "இத்தன கிராணி இருந்துருந்தா பால்மரம் வெட்டிப் பாலெடுத்தது யாரு, துரையா?" என்று வீரம்மா கேட்பார். ஆனால் வந்தவர் காரேறிப் போன பிறகுதான் கேட்பார்.

சென்ற மாதம் தோட்டத்தின் கேட்டில் ஒரு அறிவிப்பு தொங்கியது. பழைய செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு செய்யப் போகிறார்கள். மாத முடிவுக்குள் உறவுக்காரர் யாராவது பாரம் என்கிற படிவத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட சமாதியைச் சுற்றி மண்வாரி எந்திரம் பத்தடி ஒதுங்கிப் போகும். மற்றதெல்லாம் தரையோடு சமம். அதனால் அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஒரே காலையில் இரண்டு குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

முதலில் வந்தவர் சரளா. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பேசியில் குடும்ப மரம் ஒன்றை வளர்க்கிறார். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறிவிட்டார்கள். உச்சிக் கிளையில் மட்டும் படம் இல்லை. அடுத்து வந்தவர் பாரிட் புந்தாரில் லோரிகள் ஓட்டும் உடையப்பன். அவருடைய லோரிகள் அடிக்கடி நடுவழியில் நின்றுவிடுகின்றன. கொள்ளுத்தாத்தா கவனிப்பாரில்லாமல் கிடப்பதுதான் காரணம் என்று ஜோசியர் கண்டுபிடித்திருந்தார். மெக்கானிக் வேறு காரணம் சொன்னாராம். அவரை உடையப்பன் நிறுத்திவிட்டார்.

பழைய தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே, குரோட்டன்ஸ் புதருக்குள், கழுத்துவரை மண்ணில் புதைந்த ஒரு சிமெண்டுக் கல் இருந்தது. வீரம்மா அதைக் காட்டியதுதான் தாமதம், இருவரும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹலோ, இது எங்க கொள்ளுத்தாத்தா. குடும்ப மரத்துல ஏழாங்கட்டைன்னு போட்டாச்சு" என்றார் சரளா.

"அக்கா, ஜோசியரு சமாதிக்கு வடக்க தண்ணித்தொட்டின்னு புட்டுப் புட்டு வச்சாரு. வேற யாருக்கு லா பொருந்தும்?"

"எங்க தாத்தா பெரிய கிராணி!"

"எங்க தாத்தா மட்டும் என்ன, மாடா மேச்சாரு? அவரும் பெரிய கிராணிதான்!"

வக்கீல் வரைக்கும் பேச்சு போயிற்று. வீரம்மா மண்வெட்டியை எடுத்துக் கல்லைச் சுற்றித் தோண்டினார். தண்ணீர் ஊற்றிக் கழுவியதும், ஈரச் சிமெண்டில் குச்சியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. சண்டைக்காரர்கள் இருவருக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. வீரம்மா வாயைத் திறப்பதற்குள் சரளா கைப்பேசியைக் கல்லுக்கு நேரே பிடித்து, அது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததைப் படித்துவிட்டுக் கண்கலங்கினார்.

"பயப்படவில்லைன்னு காட்டுது! எங்க தாத்தா யாருக்கும் பயப்படாத மனுசன்னு எழுதி வச்சிருக்காங்க!"

"அப்ப எங்க தாத்தாவேதான்!" என்றார் உடையப்பன். "துரையவே எதுத்து நின்னவரு!"

வீரம்மா ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "அஞ்சலைன்னு போட்டிருக்கு. அது பேரு லா. பொம்பளப் பேரு." குனிந்து அடுத்த வரியையும் படித்தார். "புல்லுவெட்டு, நாலாம் லயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு."

சரளா, எடுத்த படத்தை அழித்தார். உடையப்பன் தள்ளிப் போய் ஜோசியரை அழைத்தார். ஜோசியர் பேச்சோடு பேச்சாகக் கொள்ளுத்தாத்தாவைத் தாப்பா பக்கம் மாற்றிவிட்டார். இருவருக்கும் இடையே திடீரென்று நல்ல மரியாதை வந்துவிட்டது. "நீங்க மொதல்ல கார எடுங்கக்கா" என்று உடையப்பன் வழிவிட்டார்.

வீரம்மா பாரத்தை நீட்டினார். "யாராச்சும் ஒரு ஆளு சைன் பண்ணிட்டுப் போங்க. இல்லாட்டி இந்த அம்மாவ மண்வாரி இழுத்துட்டுப் போயிரும்."

"சொந்தம் இல்லாம எப்படிம்மா போட முடியும்?" என்றார் சரளா. "அது பொய் இல்லியா?" உண்மையின் மீது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் பற்று பிறந்திருந்தது. "வேற கிராணி சமாதி இருந்தா கால் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் சரளா கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை தோட்ட ஆபீஸ் பன்னிரண்டரைக்கு மூடிவிடும். வீரம்மா மோட்டார் சைக்கிளை முறுக்கிப் போய் இறங்கியபோது, கிளார்க் ஷஹீரா கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். வீரம்மாவின் கையில் வெற்றுப் பாரத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

"இது யாரு அக்கா?"

"பாட்டி."

"போன வாரமும் பாட்டிதான் செத்தாங்க."

"அது அம்மா வழி."

"அதுக்கு முந்துன வாரம் ஒரு சீனத் தாத்தா. அதுக்கும் பேத்தின்னு எழுதுனீங்க."

"எங்க குடும்பம் பெருசு லா" என்றார் வீரம்மா.

ஷஹீரா சிரிப்பை அடக்கிக்கொண்டு, முத்திரையைத் தேடுவதுபோல் மேசை இழுப்பறைக்குள் குனிந்துகொண்டார். வீரம்மா நின்றபடியே எழுதினார். உறவுமுறை: பேத்தி. லயம்: நான்கு. வேலை என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு புல்லுவெட்டு என்றே எழுதினார்.

இறந்தவர் பெயருக்கு முன்னால் 'என்சிக்' என்று மலாயில் ஆண்பிள்ளைக்குரிய மரியாதைச் சொல்லை மட்டும் அச்சடித்திருந்தார்கள். வீரம்மா அதன் மேல் இரண்டு கோடு அழுத்திப் போட்டார். பக்கத்திலிருந்த சின்ன இடுக்கில், எழுத்துகளை நெருக்கி நெருக்கி, பெண்பிள்ளைக்குரிய 'புவான்' என்று எழுதினார்.