பென்ஷன் காகிதத்தில் இன்னும் நான்தான் மனைவி

என் முன்னாள் கணவர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவருடைய இரண்டாவது மனைவி. டெல்லி சரோஜினி நகரில் ஒரு வீட்டுக்கு இட்லி மாவு கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. "அக்கா, வேலூர்ப் பக்கத்துலேருந்து பேசறேன். அவரு வீட்டுல," என்றாள். எந்த அவர் என்று கேட்க வாய் வரை வந்தது. மாரடைப்பாம், மூன்று மாதம் ஆகிவிட்டதாம். எனக்கு அழுகை வரவில்லை.

அவள் துக்கம் சொல்லக் கூப்பிடவில்லை. அவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின் குடும்பப் பென்ஷன் மனைவிக்கு வரும். கேட்கப் போனவளை, காகிதத்தில் மனைவி வேறு ஒருத்தி என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த வேறு ஒருத்தி நான்.

ஓய்வு பெறும்போது பென்ஷன் காகிதத்தில் ஒட்ட, கணவனும் மனைவியும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போதே எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வருஷம். ஸ்டுடியோக்காரர் "தோடா பாஸ், பாபிஜி" என்று நெருங்கி உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷத்தில் டெல்லியிலேயே விவாகரத்தானது. அதை அவர் பட்டாளத்தின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. பட்டாளத்து ஆண்களுக்கு இது ஒரு வியாதி. பிள்ளை பிறந்தால் அன்றைக்கே எழுதிப் போடுவார்கள். பெண்டாட்டி போனதை எழுதினால் பழைய கூட்டாளிகளுக்குத் தெரிந்து மானம் போய்விடும். விவாகரத்தை மறைத்தவர் ஊரில் செய்துகொண்ட இரண்டாவது கல்யாணத்தை எப்படிச் சொல்வார்?

"கோர்ட்டுத் தீர்ப்பு உங்ககிட்ட இருக்குமேக்கா. ஒரு நகல் அனுப்புவீங்களா?"

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாளே முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அவளுக்கு உதவப் போகவில்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை. குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஆப் கா ஹீ நாம் ஹை, மாதாஜி," என்று என் பெயர்தான் இருப்பதாகச் சொன்னார். குடும்பப் பென்ஷன் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, டீயும் வரவழைத்தார். விவாகரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் இருந்தது. கோர்ட் தரச் சொன்ன ஜீவனாம்சத்தை எட்டு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தியவர் அவர். பென்ஷன் தனக்கே பத்தவில்லையாம். வீம்பு பிடித்தவள் நான், பின்னால் அலையவில்லை. இங்கே பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடித்ததிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போய், என் மாவு வியாபாரம் பாதியாகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், பிள்ளைகுட்டி இல்லாதவளுக்குச் சாமி கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான்கு நாள் அவள் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் சண்டை போடவே எடுத்தேன். "உனக்கு மட்டும்தான் வயிறா?" என்று கத்தினேன்.

அவள் "பணத்த நீங்களே வாங்கிக்கங்கக்கா. தீர்ப்ப மட்டும் குடுங்க. அவரு சாகற வரைக்கும் பொண்டாட்டியா இருந்தேன். இப்ப ஊர்ல என்னைய வெப்பாட்டிங்கறாங்க. எம்பொண்ணு காதுபடவே சொல்றாங்க," என்றாள்.

அந்தத் தீர்ப்பைப் பதினொரு வருஷமாகப் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். வாழாவெட்டி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, டெல்லியில் பலருக்கு என் கணவர் ஊரில் இருக்கிறார் என்றே சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு அவமானமான காகிதம், அவள் கல்யாணத்துக்கு அதுதான் சாட்சி. என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். கோர்ட் முத்திரை போட்டதை ஸ்பீட் போஸ்ட்டில் அவளுக்கு அனுப்பிவிட்டு, ஜெராக்ஸை நான் வைத்துக்கொண்டேன். குமாஸ்தா கொடுத்த விண்ணப்பத்தை வீட்டுக்கு வந்து கிழித்தேன். பெருந்தன்மையாக ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சலோடுதான் கிழித்தேன்.

ஆறேழு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: "அக்கா, பென்ஷன் வந்துடுச்சு. மாசாமாசம் உங்களுக்கும் கொஞ்சம் அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.