நூலால் கட்டிய ரிலே

1944. புத்தளம் கடல்நீர்க் களப்போரத்து இராணுவ முகாமின் மின்னறையில் சுவிட்சுகளைப் பார்த்துக்கொள்வது தாஹிரின் வேலை. கற்பிட்டிக்காரன், முப்பத்திரண்டு வயது, கொழும்பில் தொழில் படித்தவன்.

அறைக்கு வெளியே நான்கு ட்ரான்ஸ்போமர்கள் தனித்தனி எண்ணெய்த் தொட்டிகளில் நின்றன. மூன்று சேர்ந்து முகாமுக்கு மின்சாரம் கொடுத்தன. நான்காவது, ஒன்று பழுதானால் அதன் இடத்துக்கு. உள்ளே சுவரில் ஒரு ரிலே. ட்ரான்ஸ்போமருக்குள் போகும் மின்சாரத்தையும் வெளியே வருவதையும் அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ கோளாறு என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் சுவிட்சைத் தள்ளி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

ஒரு காலை நடுத்தொட்டியில் எண்ணெய் கசிந்தது. எஞ்சினியரான வெள்ளைக்காரத் துரை நான்காவதை இணைக்கச் சொன்னார். தடித்த கம்பிகளை மாற்றி சுவிட்சைப் போட்டார்கள். முகாமின் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் ரிலே தள்ளிவிட்டது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் தள்ளியது.

துரை எரிச்சலோடு ரிலேயின் கண்ணாடி மூடியைக் கழற்றி, அது அசையாதபடி நூலால் கட்டிச் சுவிட்சைப் போட்டார். ரிலேக்குப் போகும் சிறுகம்பிகளையும் மாற்றினோமா என்று பார்க்க வேண்டும் எனத் தாஹிர் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னான். “பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்” என்று அவர் போய்விட்டார்.

மாம்புரியிலிருந்து வந்த கம்பி வேலைக்காரன் பஸ்தியான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். தாஹிரை அவன் அண்ணன் முறையில் ‘நானா’ என்றே கூப்பிடுவான்.

“நானா, கட்டிப்போட்டுட்டா ஓட உடுறது?”

“ஓம். இனிக் கோளாறு வந்தாலும் அது தள்ளாது. நீ அங்கால போவாத.”

“எண்ணெயத் துடைக்காட்டி வழுக்கி உழுவாங்க. இப்ப வந்துருவன்” என்று பஸ்தியான் வெளியே தொட்டிகளின் பக்கம் போனான்.

நான்காவது ட்ரான்ஸ்போமர் இரண்டு வருடமாகக் களப்பின் உப்புக் காற்றில் சும்மா நின்றது. அதன் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களில் படிந்த உப்பை யாரும் துடைத்திருக்கவில்லை. ஈரக்காற்று வீசியதும் பீங்கான் வழியே நெருப்புப் பாய்ந்தது. ரிலே நூலுக்குள் துடிப்பதைத் தாஹிர் கண்ணால் கண்டான். பாய்ந்து கையால் சுவிட்சை இழுத்தான். அதற்குள் வெளியே ஒரு வெடி. பிறகு ஒரு சத்தமும் இல்லை. காது அடைத்துவிட்டதென்று அவனுக்குப் புரியவில்லை. பஸ்தியானின் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. அவன் சட்டை எரிந்துகொண்டிருந்தது. தாஹிர் ஓடிப்போய் அவனை மணலில் புரட்டினான்.

மூன்றாம் நாள் விசாரணை. துரையின் அறிக்கையை வாசித்தார்கள்: ரிலேயைக் கட்டியது தாஹிர்.

தான் கட்டவில்லை என்று அல்லாஹ் மீது ஆணையிட்டுச் சொல்லக்கூடத் தாஹிருக்கு வாய் வரவில்லை. துரை அவன் முகத்தை நேராகப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பஸ்தியானுக்குப் பேச்சு இருந்தது. அதிகாரிகள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போனபோது, கட்டுப்போட்ட முகத்துக்குள்ளிருந்து சொன்னான்: “தாஹிர் நானா கட்டல்ல. தொரதான் கட்டினாரு. நான் பக்கத்துல நிண்டன்.”

பிறகு ரிலேயின் கம்பிகளைப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துச் சிறுகம்பிகள் இரண்டும் இன்னும் பழைய தொட்டியிலேயே இருந்தன. உள்ளே போவதை மட்டும் கண்ட ரிலே, வெளியே வருவதைக் காணாமல்தான் தள்ளியிருக்கிறது. நான்காவதற்கு வேறு பீங்கான் போட்டபின், தாஹிர் தன் கையாலேயே அவற்றை மாற்றினான். முழுச் சுமையிலும் ரிலே அசையவில்லை.

துரையை வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எட்டு மாதம் கழித்துப் பஸ்தியான் வேலைக்கு வந்தான். இடக்கண் இல்லை. இனிக் கம்பம் ஏற முடியாது. தாஹிர் கேட்டுக்கொண்டதால், மின்னறையில் அவனுக்கும் உட்கார ஒரு கதிரை போட்டார்கள்.